பதினாறு நாள் கடலில் போய் ஒரு சூரையைப் பிடிப்பது எதற்காக?

அமெரிக்காவின் சான் டியேகோவில் வேலை பார்க்கும் மச்சான், வரும் ஜனவரியில் பதினாறு நாள் மீன்பிடிப் பயணத்துக்குக் கூப்பிடுகிறார் என்று தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். மீன் பிடிக்க ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும், ஆளைவிடக் கனமான மீனை ஒரு தூண்டில் கம்பால் எப்படிப் படகில் ஏற்றுகிறார்கள், கடல் பழக்கமே இல்லாத நான் போகலாமா என்று மூன்று கேள்விகள்.

மூன்றாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போங்கள் தம்பி. மற்ற இரண்டையும் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். நான் இந்த சான் டியேகோவுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. எட்டு முறை இந்தப் பயணம் போயிருக்கிறேன். இதில் எது புரியவில்லை என்றாலும், தூரத்தை வைத்து யோசித்தால் புரிந்துவிடும் என்பது என் அனுபவம். மீன் பெரிதாக இருப்பதும் தூரத்தால்தான், படகில் ஒவ்வொரு வேலையும் அவ்வளவு கவனமாக நடப்பதும் தூரத்தால்தான்.

முதலில் எவ்வளவு தூரம் என்று பார்ப்போம். நான் அதிகமாகப் போனது ஹரிகேன் பேங்க் என்ற இடத்துக்கு. பேங்க் என்று பெயர் இருந்தாலும், நம்மூர்க் கடற்காரர்கள் ‘பார்’ என்பார்களே, அதுதான். ஆழ்கடல் தரையிலிருந்து எழும்பி, மேல்மட்டத்தை எட்டாமல் தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்ட எரிமலை. வரைபடத்தில் அதற்கு ஷிமாடா என்றும் ஒரு பெயர் உண்டு. பசிபிக் சூரைகளை ஆராய்ந்த பெல் ஷிமாடா என்ற அறிவியலாளரின் நினைவாக வைத்தது. அங்கே போய் நின்றால் நிலம் எதுவும் தெரியாது, நான்கு பக்கமும் தண்ணீர்தான். சான் டியேகோவிலிருந்து ஏறக்குறைய 950 கடல்மைல். சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானம் பறக்கும் தூரம் அது. இந்தப் படகுகள் மணிக்குச் சுமார் பத்துக் கடல்மைல் ஓடும். ஆக, போக நான்கு நாள், திரும்ப நான்கு நாள். திரும்பும்போது வடமேற்கிலிருந்து காற்றும் அலையும் முகத்தில் அடிப்பதால் அரை நாள் கூடுதலாகவே ஆகும். பதினாறு நாளில் தூண்டில் தண்ணீரில் இருப்பது ஏழெட்டு நாள்தான்.

இந்தப் பயணங்கள் சும்மா பணக்காரர் பொழுதுபோக்காகத் தொடங்கியவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சான் டியேகோவை உலகின் சூரைத் தலைநகரம் என்றே அழைத்தார்கள். ஜப்பானியர், போர்ச்சுகீசியர், இத்தாலியர் என்று பல ஊர்க்காரர்கள் அங்கிருந்து மரப்படகுகளில் மெக்சிகோவுக்கும் அதற்குத் தெற்கேயும் போய்ச் சூரை பிடித்தார்கள். படகிலேயே தண்ணீர்த்தொட்டி கட்டி அதில் உயிர் மத்தியை வைத்திருப்பார்கள். சூரைக் கூட்டம் தெரிந்ததும் மத்தியை அள்ளி வீசி, கூட்டம் வெறிகொண்டு மேலே வந்ததும் மூங்கில் கம்பில் கட்டிய தூண்டிலால் தூக்கி முதுகுக்குப் பின்னால் எறிவார்கள். மீன் கனமாக இருந்தால் இரண்டு மூன்று கம்புகளை ஒரே முள்ளில் சேர்த்துக் கட்டி, இரண்டு மூன்று பேர் ஒரே மூச்சில் தூக்குவார்கள். நம் பக்கம் மினிக்காய்த் தீவுக்காரர்கள் இன்றும் உயிர் இரை வீசிக் கம்பால்தான் சூரை பிடிக்கிறார்கள். நாம் சம்பலில் போடும் மாசி அப்படிப் பிடித்த சூரையில் செய்வது. சான் டியேகோ மரப்படகுகளின் இடத்தைப் பிறகு சுற்றுவலைக் கப்பல்கள் பிடித்துக்கொண்டன. ஆனால் அந்த உயிர் இரைத் தொட்டியும், தெற்கே எந்தப் பாரில் எந்த மாதம் மீன் நிற்கும் என்ற அறிவும் விளையாட்டு மீன்பிடிப் படகுகளுக்கு வந்து சேர்ந்தன. இன்று சான் டியேகோவின் பாயிண்ட் லோமா படகுத்துறைகளில் 90 அடி முதல் 120 அடிக்கும் மேல் நீளமான படகுகள் நிற்கின்றன. இருபது முப்பது பயணிகளை ஏற்றிக்கொண்டு எட்டு நாள், பத்து நாள், பதினாறு நாள் என்று போய் வருகின்றன.

சரி, அங்கே மட்டும் ஏன் மீன் அவ்வளவு பெரிது?

ஆழ்கடலின் பெரும்பகுதி மீனுக்குப் பாலைவனம் மாதிரி. நீரோட்டம் தடையில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு தீவோ பாரோ குறுக்கிட்டால் நீரோட்டம் அதில் மோதி, அடியில் இருக்கும் குளிர்ந்த சத்துள்ள தண்ணீரை மேலே கிளப்பும். அதில் நுண்ணுயிர் பெருகும், அதைத் தின்னக் கோலாவும் கணவாயும் சின்ன அயிலையும் சேரும், அவற்றுக்குப் பின்னால் சூரை வரும். படகுக்காரர்கள் பாரின் எல்லாப் பக்கமும் நங்கூரம் போட மாட்டார்கள். நீரோட்டம் வந்து மோதும் முகப்பில்தான் போடுவார்கள். சூரையும் அங்கேதான் தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு நிற்கும். நங்கூரம் ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி விழுந்ததால் ஒரு படகு வெறுங்கையோடு இருந்ததையும், பக்கத்துப் படகில் ஓயாமல் மீன் ஏறியதையும் நேரில் பார்த்திருக்கிறேன்.

மஞ்சள் துடுப்புச் சூரை வேகமாக வளரும் மீன். பிடிபடாமல் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்துவிட்டால் போதும், ஆளுயரம் வந்துவிடும். கரைக்குப் பக்கத்தில் அதற்கு அந்த அவகாசம் கிடைப்பது அரிது. 200 பவுண்டு, அதாவது 90 கிலோவைத் தாண்டிய சூரையை இங்கே ‘கவ்’ என்பார்கள், பசு என்றேதான் பொருள். 300 பவுண்டைத் தாண்டினால் ‘சூப்பர் கவ்’. 1977 ஏப்ரல் 1 அன்று கர்ட் வீசன்ஹட்டர் என்பவர் சான் பெனடிக்டோ தீவை ஒட்டிப் பிடித்த சூரை 388 பவுண்டு 12 அவுன்ஸ், 176 கிலோவுக்கு மேல். அந்த உலகச் சாதனை முப்பத்துமூன்று ஆண்டுகள் நின்றது. 2010-இல் மைக் லிவிங்ஸ்டன் 405 பவுண்டில் ஒன்றைப் பிடித்தார். அதுவும் இதே மாதிரி நீண்ட பயணப் படகில், மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் மக்தலேனா விரிகுடாப் பக்கம். 2012-இல் கை யோகம் காபோ சான் லூக்காஸுக்கு வெளியே பிடித்தது 427 பவுண்டு. ஊரில் சந்தையில் கிடக்கும் நாலைந்து கிலோ சூரையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த எண்கள் கதை மாதிரிதான் தெரியும். நானும் முதல் முறை ஒரு கவ் படகின் தளத்தில் விழுந்து வாலால் பலகையை அடிக்கும் சத்தத்தைக் கேட்கும்வரை முழுதாக நம்பவில்லை.

சான் பெனடிக்டோ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், அது எனக்கு முக்கியமான விஷயம். மெக்சிகோவின் ரெவியாஹிஹேதோ தீவுகள் நான்கில் அதுவும் ஒன்று. சொகோரோ, கிளாரியோன், ரோகா பார்ட்டிடா மற்றவை. எரிமலைத் தீவுகள், சான் பெனடிக்டோவில் 1952 ஆகஸ்டில் புதிதாக ஓர் எரிமலையே வெடித்துக் கிளம்பியது. ரோகா பார்ட்டிடா கடலில் செங்குத்தாக நிற்கும் சின்னஞ்சிறு பாறை, அவ்வளவுதான். பழைய ஆட்கள் இந்த நான்கின் பெயரைச் சொல்லும்போதே குரல் மாறும். ஏனென்றால் இப்போது அங்கே யாரும் தூண்டில் போட முடியாது. 1994-இல் அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தார்கள். 2016-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2017 நவம்பரில் மெக்சிகோ அரசு தீவுகளைச் சுற்றி ஏறத்தாழ 1,48,000 சதுர கிலோமீட்டர் கடலைத் தேசியப் பூங்காவாக்கி, எல்லா வகை மீன்பிடிப்பையும் தடை செய்தது. பரப்பில் தமிழ்நாட்டைவிடப் பெரிய கடல் அது.

படகுத்துறையில் அன்றைக்கு நிறையப் பேர் கொதித்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை தூண்டில் போடுகிற நாங்களா கடலைக் காலி செய்தோம் என்று கேட்டார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மூடியது சரிதான் என்பதே என் கருத்து, இதை அந்தத் துறையிலேயே நின்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கடலில் யானைத்திருக்கைகளும் சுறாக்களும் கூட்டமாக வாழ்கின்றன. ஒரு காலத்தில் தூரமே அவற்றுக்குக் காவலாக இருந்தது. குளிர்பதன அறையும் பெரிய எண்ணெய்த் தொட்டியும் உள்ள படகுகள் வந்த பிறகு அந்தக் காவல் போய்விட்டது. தூரம் செய்துகொண்டிருந்த வேலையை இனிச் சட்டம் செய்ய வேண்டியதுதான். தடையால் தொழில் அழியும் என்று அப்போது பேசினார்கள். 2023-இல் வந்த ஆய்வு ஒன்று, மெக்சிகோவின் தொழில்முறைக் கப்பல்களின் தடங்களையும் பிடிப்பையும் பார்த்து, பூங்காவால் அவற்றின் பிடிப்பு குறையவில்லை என்று காட்டியது. எங்கள் படகுகளும் ஹரிகேன் பேங்க் போன்ற இடங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

இனி இரண்டாவது கேள்வி. இதற்கான வேலை மீன் கடிக்கும்போது ஆரம்பிப்பதில்லை, சான் டியேகோ துறைமுக வாயிலிலேயே ஆரம்பிக்கிறது. அங்கே தண்ணீரில் மிதக்கும் கூண்டுகளில் மத்தியை உயிரோடு விற்பார்கள். படகு அதன் அருகே நின்று, கைவலையால் அள்ளி அள்ளித் தன் தொட்டிகளை நிரப்பிக்கொள்ளும். அதற்குப் பிறகு கடை கிடையாது. அந்த மத்தி நான்கு நாள் ஓட்டத்தையும் ஏழெட்டு நாள் மீன்பிடிப்பையும் தாங்க வேண்டும். ஓர் இரவு தூக்கம் வராமல் மூன்று மணிக்குப் பின்தளத்துக்குப் போனேன். இருபது வயதுப் பையன் ஒருவன் நெற்றி விளக்கோடு தொட்டிமேல் குனிந்து, செத்த மத்தியையும் சாகப்போகிற மத்தியையும் சின்ன வலையால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான். சாகப்போவது எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். தொட்டிச் சுவரில் முட்டி முட்டி அதன் மூக்கு சிவந்திருந்தது, பக்கவாட்டில் செதில் உதிர்ந்து திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. இதைப் போட்டால் சூரை திரும்பிக்கூடப் பார்க்காது என்றான். படகு ஓடும் நாட்களில் இரவெல்லாம் யாராவது ஒருவர் இப்படி நிற்பார்கள்.

பயணிகளுக்கும் அந்த நான்கு நாளும் வேலை உண்டு. முள் கட்டுவது, தூண்டில் நரம்பு மாற்றுவது, முடிச்சுகளை இழுத்துப் பார்ப்பது. கம்பில் நூல் சுற்றும் சக்கரத்தில் அடியில் பின்னல் நூல் பல நூறு மீட்டர் இருக்கும். அதன் முனையில் நூறு அல்லது நூற்றுமுப்பது பவுண்டு தாங்கும் கண்ணாடி மாதிரியான நரம்பைக் கொஞ்ச நீளம் இணைப்பார்கள். சூரைக்குக் கண் கூர்மை. நரம்பு தடித்தால் இரையைத் தொடாது, மெலிந்தால் அறுத்துக்கொண்டு போய்விடும். எந்தக் கனம் என்பது அன்றைய வெளிச்சத்தையும் தண்ணீரின் தெளிவையும் பார்த்து முடிவு செய்வது. இதைச் சிப்பந்திகளிடம் கேட்டுச் செய்யுங்கள். கடையில் விற்பவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

மீன் கடிக்கும் கணத்தைச் சொல்கிறேன். மத்தியின் மூக்கில் முள்ளைக் குத்தி, ஈயம் எதுவும் இல்லாமல் நீந்த விடுவோம். சக்கரம் பூட்டில்லாமல் இருக்கும், கட்டைவிரல் மட்டும் நூலின்மேல் லேசாக. மத்தி நீந்தும்போது நூல் விரலுக்கடியில் மெதுவாக நழுவும். பெரிய மீன் பக்கத்தில் வந்தால் மத்தி பதறும், அந்தப் பதற்றம் விரலுக்குத் தெரியும். பிறகு நூல் சீறிக்கொண்டு ஓடும். இங்கேதான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். கம்பை வெடுக்கென்று இழுத்துவிடுவார்கள். வளைந்த முனையுள்ள முள் அது, வெடுக்கென்று இழுத்தால் வாயிலிருந்து நழுவி வந்துவிடும். நாலைந்து எண்ணிவிட்டு, சக்கரத்தின் பிடியை மெல்ல ஏற்றி, சுற்றிக்கொண்டே இருந்தால் முள் தானாகவே திரும்பி வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும்.

மாட்டியதும் சூரை ஓடும். முதல் ஓட்டத்தில் இருநூறு முந்நூறு மீட்டர் நூல் போவது சாதாரணம். அப்போது ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. செய்ய வேண்டியது நடப்பது. மீன் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம், படகின் விளிம்போடு, மற்றவர்களின் நூலுக்கு மேலும் கீழும் கம்பைக் கொடுத்து வாங்கிக்கொண்டு படகின் முன்பக்கமான அணியத்துக்கும் பின்தளத்துக்கும் நடக்க வேண்டும். மீனுக்கும் உங்களுக்கும் இடையே நூல் நேராக இருக்கும்வரை சிக்கல் விழாது. பலசாலிகள் பலர் ஒரே இடத்தில் நின்று மல்லுக்கட்டி மீனைத் தொலைத்ததைப் பார்த்திருக்கிறேன். அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் படகைச் சுற்றி நிதானமாக நடந்தே 240 பவுண்டுச் சூரையைக் கொண்டுவந்ததையும் பார்த்தேன்.

ஓட்டம் முடிந்ததும் மீன் படகுக்கு நேர் கீழே ஆழத்தில் வட்டமிடத் தொடங்கும். இந்தக் கட்டம்தான் நீளமானது, ஒரு மணி நேரமும் ஆகலாம், இரண்டும் ஆகலாம். கம்பைப் படகின் விளிம்புக் கட்டையில் சாய்த்துக்கொள்வோம். அப்போது பாரத்தை முதுகு தாங்காது, கட்டை தாங்கும். சக்கரத்தில் இரண்டு வேகப் பல்சக்கரம் உண்டு. இந்த நேரத்தில் மெதுவான பல்லுக்கு மாற்றிவிட வேண்டும். மீன் வட்டத்தில் உங்களைவிட்டு விலகும்போது நூல் இறுகும், அப்போது காத்திருக்க வேண்டும். உங்களை நோக்கித் திரும்பும்போது ஒரு நொடி தளரும், அந்த நொடியில் அரைச்சுற்று, கால்சுற்று என்று வாங்கிக்கொள்ள வேண்டும். நம்மூர்க் கிணற்றில் கனமான வாளியை இறைப்பதுபோல ஒரே சீராக இழுத்தால் தோற்றுவிடுவீர்கள். கடைசியில் கீழே, நீலத்துக்குள், ஒரு வெளிர் பச்சைத் தட்டு தெரியும். சிப்பந்தி “கலர்!” என்று கத்துவார். அடுத்த வட்டத்தில் அந்தப் பச்சை வெள்ளியாகும், அதற்கடுத்ததில் அரிவாள் மாதிரி நீண்ட மஞ்சள் துடுப்புகள் தெரியும். கொக்கிக் கம்போடு இரண்டு மூன்று பேர் வந்து நிற்பார்கள். மீனின் தலை உங்கள் பக்கம் திரும்பும்போது அவர்கள் தலையில் கொக்கி போட்டு, கதவைத் திறந்து, தளத்துக்கு இழுப்பார்கள்.

பட்டம் விட்டும் பிடிப்பார்கள். ஹீலியம் பலூனைப் பட்டத்தோடு சேர்த்துக் காற்றில் ஏற்றி, அதிலிருந்து இரையைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் தொட்டுத் தொட்டுத் துள்ள விடுவார்கள். படகின் நிழலும் நூலும் மீனுக்குத் தெரியாது. மிகப் பெரிய சூரைகள் பல இதில்தான் மாட்டும். இதற்கு வரிசை எண்படி முறை வரும், உங்கள் முறையில் நீங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தால் கைநழுவிப் போய்விடும்.

நான் தொலைத்த ஒரு மீனைப் பற்றியும் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். இரண்டாவது பயணம். காலையில் நடுத்தரச் சூரை ஒன்று ஏறியது. அதே நரம்பில் அவசரமாக அடுத்த மத்தியைக் குத்திப் போட்டேன். கடித்தது பெரிய மீன். ஐம்பது நிமிடம் போராடி, கலர் தெரிந்து, கொக்கிக் கம்புகள் வந்து நின்றுவிட்டன. டப் என்று ஒரு சத்தம், கம்பு நிமிர்ந்துவிட்டது. நரம்பைச் சுற்றி எடுத்து முனையை விரலில் உருட்டிப் பார்த்தேன். முள்ளுக்கு ஒரு முழம் மேலே சொரசொரவென்று இருந்தது, முதல் மீனின் பல் உரசிய இடம். காலையிலேயே விரலால் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தச் சூரை வாயில் முள்ளோடு போனது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. அதிலிருந்து ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முன்னால் இரண்டு பாக நரம்பை, அதாவது இரண்டு முறை கை விரித்த நீளத்தை, வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முடிகிறேன். மீன் கடித்துக்கொண்டிருக்கும்போது மூன்று நிமிடம் உட்கார்ந்து முடிச்சுப் போடுவதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையைப் பழகிக்கொள்ளுங்கள்.

மீன் ஏறியதும் நடப்பதைப் பலர் கவனிக்க மாட்டார்கள், நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். சூரை மற்ற மீன்களைப் போலக் குளிர்ந்த ரத்தம் அல்ல. தசையில் உண்டாகும் சூட்டை வீணாக்காமல் உடலுக்குள்ளேயே சுழற்றும் ரத்தநாள அமைப்பு அதற்கு உண்டு. அதனால்தான் அந்த வேகம். ஒரு மணி நேரம் போராடிய சூரையின் உடம்பு கொதிக்கும். தசையில் அமிலம் ஏறியிருக்கும். அப்படியே விட்டால் சதை வெளுத்து, குழைந்து, வெந்ததுபோல ஆகிவிடும். அது மட்டுமல்ல, குளிரவைக்கத் தாமதித்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும், தின்றவருக்கு முகம் சிவந்து உடம்பெல்லாம் தடிக்கும். சமைத்தாலும் அது போகாது. எனவே ஏறிய உடனே துடுப்புக்குப் பின்னும் செவுளிலும் கீறி ரத்தத்தை முழுதாக வடிய விடுவார்கள். உங்கள் எண் பொறித்த சின்ன வில்லையை மாட்டி, உறைநிலையை ஒட்டிக் குளிரவைத்த கடல்நீர் அறைக்குள் இறக்குவார்கள். கரை நான்கு நாளுக்கு அப்பால் இருக்கும்போது, முதல் அரைமணியில் செய்கிற இந்த வேலைதான் வீட்டுத் தட்டில் என்ன வரும் என்பதைத் தீர்மானிக்கிறது.

எத்தனை பிடிக்கலாம்? மெக்சிகோவின் விதிப்படி நாளைக்கு மொத்தம் பத்து மீன், ஓர் இனத்தில் ஐந்துக்கு மேல் கூடாது. மூன்று நாளுக்கு மேற்பட்ட கடல் பயணத்துக்கு நாள் அளவைப் போல மூன்று மடங்கு வரை வைத்துக்கொள்ளலாம். விற்க அனுமதி இல்லை. ஆனால் நான் சொல்வது இதுதான்: ஒரு கவ் கிடைத்தால் அதில் பாதிக்கு மேல் நல்ல சதை தேறும். இரண்டு கிடைத்தால் உங்கள் தெருவுக்கே கொடுக்கலாம். போதுமென்றால் கம்பை வைத்துவிட்டு உட்காருங்கள். ஒரு மணி நேரம் போராடிக் களைத்த சூரையைத் திரும்ப விட்டாலும் அது பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. சுறா பக்கத்தில் இருந்தால் பிழைக்கவே பிழைக்காது. பிடித்து விடுவதைவிடப் பிடிக்காமல் இருப்பதே நேர்மை. அந்த நேரத்தில் வாகூவுக்கு முயலலாம். வஞ்சிரத்தின் உறவுக்கார மீன், சுவையும் அதற்குக் குறைந்ததல்ல. பல் மட்டும் கத்தி, முள்ளுக்கு மேல் கம்பி கட்டாமல் போட்டால் நரம்பு மிஞ்சாது.

கடைசியாக உங்களுக்கான நடைமுறை விஷயங்கள். செலவு ஒரு நாளைக்குச் சில நூறு டாலர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், சிப்பந்திகளுக்கான அன்பளிப்பு தனி. கம்பும் சக்கரமும் வாங்காதீர்கள், முதல் பயணத்துக்கு வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். மெக்சிகோ கடலுக்குள் போய்த் திரும்புவதால் பாஸ்போர்ட் அவசியம். அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவர் என்றால், மறுபடி உள்ளே வருவது பற்றிக் குடியேற்ற வழக்கறிஞரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். பல் வலி ஏதாவது லேசாக இருந்தாலும் போவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். நடுக்கடலில் சொத்தைப் பல்லோடு தவித்த ஒருவரை எனக்குத் தெரியும்.

குமட்டல் வரும், முதல் இரண்டு நாள் பெரும்பாலானவர்களுக்கு வருகிறது. படகு கிளம்பிய பிறகு மாத்திரை போட்டால் பயனில்லை, முந்தின இரவே போட வேண்டும். மூன்றாம் நாள் உடம்பு பழகிவிடும். உடற்பயிற்சி செய்ய வேண்டுமா என்றால், கை எடை தூக்குவதைவிட இன்றிலிருந்து தினம் ஒரு மணி நேரம் நடங்கள், மாடிப்படி ஏறுங்கள். வழுக்காத ரப்பர் காலணி ஒன்று வாங்குங்கள், மீன் ரத்தமும் தண்ணீரும் கலந்த தளத்தில் வேறு எதுவும் நிற்காது. மச்சானிடம் இப்போதே ஒரு துண்டு நரம்பு கேட்டு வாங்கி, முள் கட்டும் முடிச்சு ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஜனவரி என்பதால் கனமான ஸ்வெட்டர் ஒன்று எடுத்து வையுங்கள். பாஹா கரையை ஒட்டிப் போகும் முதல் இரண்டு நாள் இரவில் தளத்தில் நிற்க முடியாத குளிர் இருக்கும். மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் கரும்பச்சையிலிருந்து கருநீலமாக மாறி, அணியத்துக்கு முன்னால் கோலாமீன்கள் கூட்டமாகக் கிளம்பிப் பறக்கும். அப்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாம்.